வாங்கிய விலையும் ஓட்டும் விலையும்

கைமாறி வரும் சிறு கார்களின் செலவையும் புகையையும் பற்றி, காரியாபட்டிச் சாலையிலிருந்து ஒரு விசாரணை

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நாற்கரச் சாலையில், எலியார்பத்திச் சுங்கச் சாவடியைத் தாண்டிக் காரியாபட்டியை நெருங்குகிற பிரயாணி, தமக்கு முன்னும் பின்னும் ஓடுகிற சிறு கார்களைச் சற்றே ஊன்றிக் கவனிப்பாரானால், விருதுநகருக்குரிய டி.என். 67 என்னும் பதிவெண்ணோடு மதுரைக்குரிய 58, 59, 64 என்னும் எண்களும் கலந்து ஓடுவதையும், பட்டணத்தில் ஒரு குடும்பத்துக்கு உழைத்து முடித்த வண்டி கிராமத்தில் இன்னொரு குடும்பத்துக்கு உழைக்க வந்திருப்பதையும் காண்பார். மழையை நம்பிய மானாவாரி நிலமும், வறண்டு கிடக்கும் குண்டாற்றுப் படுகையும், எங்கு திரும்பினாலும் சீமைக் கருவேலமுமாக விரிந்து கிடக்கும் இந்தத் தாலுகாவில் புதிய கார் வாங்கும் சக்தி சிலருக்கே உண்டு. ஆனால், கடைசிப் பஸ் போன பிறகு பிரசவ வலி கண்ட பெண்ணை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமும், வயதான பெற்றோரைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசையும் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. இந்த அவசியத்துக்கும் அந்தச் சக்திக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவதே பழைய கார் வியாபாரம்.

அந்த வியாபாரத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சாமானியக் குடும்பஸ்தர் ஒருவர் சேமிப்பில் பாதியைக் கொடுத்து வாங்குகிற வண்டியைப் பார்த்து, நகரத்துப் படித்தவர்கள் சுற்றுப்புறச் சூழலின் பெயரால் முகம் சுளிப்பது நியாயமும் ஆகாது. நாம் சொல்ல வருவது வேறு. தரகரிடம் ஐயாயிரம் ரூபாய் குறைப்பதற்காக அரைநாள் வாதாடுகிற அதே மனிதர், அந்த வண்டி வீட்டுக்கு வந்தபின் வருஷந்தோறும் எவ்வளவு தின்னும், எவ்வளவு கக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்பதேயில்லை. காசாக வீணாவதும் புகையாக வெளியேறுவதும் பெரும்பாலும் ஒன்றே என்பதையும், முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை கண்டவர் இரண்டாவதற்கும் பாதி விடை கண்டவராகிறார் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் கருத்து.

சிறு கார் வந்த வழி

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800 காரின் சாவி அதன் உரிமையாளர் கையில் கொடுக்கப்பட்ட அன்றுதான், பின்புறம் முழுவதும் கதவாகத் திறக்கும் சிறு கார் இந்திய நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கைக்குள் நுழைந்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் சான்ட்ரோவும், அதே வருஷம் அறிமுகமான டாடா இண்டிகாவும், பின்னர் ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் ஆகியவையும் அந்த வழியை அகலப்படுத்தின. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது; ஆயினும் அதன் சந்ததியார் கைமாறிக் கைமாறி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றுள் டீசலில் ஓடும் சிறு கார்கள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை அரசாங்கம் 2010 ஜூனில் நீக்கிற்று. டீசல் விலையின் மீதிருந்ததை 2014 அக்டோபரில்தான் முற்றிலும் நீக்கிற்று. இடைப்பட்ட அந்த நான்கு வருஷங்களில் இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் மிகுந்திருந்ததால், மாதத்துக்கு முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களும் டீசல் கார் வாங்கினார்கள். அன்று அப்படி வாங்கப்பட்ட வண்டிகளே இன்று மலிவு விலைக்கு வந்து நிற்கின்றன.

ஒரு வருஷத்துச் செலவு

ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட, பத்து வயதான பெட்ரோல் கார் ஒன்றை 2 லட்சம் ரூபாய்க்கு ஒரு குடும்பம் வாங்குகிறது என்றும், அது வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எரிபொருள் 500 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று முழுமையாக்கிக் கொண்டால் 50,000 ரூபாய். கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூபாய் ஆகிறது என்று கணக்கை இத்துடன் முடித்துவிடுகிறவர்களே பெரும்பாலோர்.

கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இந்த ரக வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 2,094 ரூபாய். வரியோடு சேர்த்தால் ஏறக்குறைய 2,500. எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஷூ முதலியவற்றோடு கூடிய சர்வீசுக்கு 7,000 என்றும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் நான்கு டயர்களுக்கு வருஷ வீதம் 3,000 என்றும், பேட்டரிக்கு 1,200 என்றும், கிளட்ச், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் என்று சொல்லாமல் வருகிற ரிப்பேருக்கு 10,000 என்றும் ஒதுக்குவோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, நின்றாலும் ஓடினாலும் வண்டியின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறதல்லவா? அதற்கு 20,000. ஆகமொத்தம் 93,700 ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ரூபாய். பெட்ரோல் பங்கில் கொடுக்கிற பணம் உண்மையான செலவில் பாதிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

அதே குடும்பம் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுமானால், காப்பீடும் பேட்டரியும் மதிப்புக் குறைவும் ஓட்டத்தோடு குறையாத காரணத்தால், கிலோமீட்டருக்கு 17 ரூபாய் அளவில் போய் நிற்கும். அத்தகைய குடும்பத்துக்கு, வேண்டும்போது வாடகைக் கார் அமர்த்திக்கொள்வதே கட்டுபடியாகக் கூடும். வாசலில் ஒரு கார் நிற்பதில் உள்ள கௌரவத்தையும், அகால வேளையில் யாரையும் கெஞ்ச வேண்டாம் என்ற நிம்மதியையும் நாம் இலேசாக எண்ணவில்லை; அவற்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலை இன்னது என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது என்கிறோம்.

இந்தச் செலவுகளோடு, பதினைந்து வயது நிறைந்த சொந்த உபயோக வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் சேரும். 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு இக்கட்டணம் 5,000 ரூபாய். அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் புதுப்பிக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயது வண்டி திடீரென்று மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் பெரும்பாலும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள, பதிவு முடியும் தேதியில்தான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் புகையும் தெரியாத புகையும்

சிவகாசியைத் தன் எல்லைக்குள் கொண்ட மாவட்டம் இது. பட்டாசுப் புகையைப் பற்றி நாடு முழுவதும் நடந்த விவாதத்தின் சூடு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களைத் தடை செய்து பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்தபோது, இங்குள்ள தொழிலாளர் வீட்டு அடுப்புவரைக்கும் எட்டிற்று. தீபாவளிப் புகை எல்லார் கண்ணிலும் படுகிறது, அதனால் அது வழக்காகிறது. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கார்க் குழாயிலிருந்து வருவது பெரும்பாலும் கண்ணில் படாதது. ஆகவே அதைப் பற்றிப் பேசுவாரில்லை.

அந்தக் கண்ணில் படாத புகையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால்தான் பழைய கார் பற்றிய விவாதம் முழுவதும் தடுமாறுகிறது. முதலாவது, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அது எரியும்போது அதிலுள்ள கரியணு ஒவ்வொன்றும் காற்றிலுள்ள பிராணவாயு அணுக்கள் இரண்டைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால், வெளியே வரும் கரியமில வாயுவின் எடை ஏறத்தாழ 2.3 கிலோ ஆகிறது. இதைக் குறைக்கும் கருவி எதுவும் எந்தக் காரிலும் இல்லை. குறைவாக எரித்தால் குறைவாக வரும், அதிகமாக எரித்தால் அதிகமாக வரும். நாம் மேலே சொன்ன குடும்பத்தின் 500 லிட்டரும் 1,150 கிலோ கரியமில வாயுவாகிறது. இந்த விஷயத்தில் பெட்ரோல் ரசீதே புகைச் சான்றிதழ்.

இரண்டாவது வகை, மூச்சைக் கெடுக்கும் விஷ வாயுக்கள்: கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள், டீசலானால் நுண்ணிய கரித்துகள். இவை எரிபொருளின் அளவைவிட எஞ்சினின் ஒழுங்கையும், புகைக்குழாயின் நடுவே பொருத்தப்பட்டுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பொறுத்தவை. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லப் பூசப்பட்ட தேன்கூடு போன்ற அந்தக் கருவி, ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி வரை சூடேறிய பிறகே செவ்வையாக வேலை செய்யும். எனவே வீட்டிலிருந்து கடைவீதிக்கு ஒரு கிலோமீட்டர் போய் மல்லிகைப்பூ வாங்கித் திரும்புகிற ஓட்டத்தில், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிட்டால், மதுரைக்குப் போகிற ஓட்டத்தைவிட விஷம் அதிகம்.

அரசாங்கத்தின் சட்டங்கள் இந்த இரண்டாவது வகையைத்தான் படிப்படியாக நெருக்கி வந்திருக்கின்றன. பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் ஒழிந்தது. புகைக்கு எல்லை கட்டும் பாரத் ஸ்டேஜ் 3 அளவுகள் 2010-இல் நாடு முழுமைக்கும் வந்தன. 4 என்னும் அளவு சென்னை உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களுக்கு அதே 2010-இலும், நாடு முழுமைக்கும் 2017 ஏப்ரலிலும் வந்தது. 5-ஐத் தாண்டி நேரே 6 என்னும் அளவு 2020 ஏப்ரல் முதல் தேதி வந்தது. ஆகவே, ஒரே வருஷத்தில் செய்யப்பட்ட இரண்டு கார்களில், சென்னையில் விற்பனையானது ஒரு தரமாகவும் நம் பக்கத்தில் விற்பனையானது வேறு தரமாகவும் இருந்த காலம் உண்டு. பழைய கார் வாங்குகிறவர் நிறத்தையும் சீட் கவரையும் பார்ப்பதற்கு முன்னால், இது எந்த ஸ்டேஜ் என்று கேட்க வேண்டும்.

டீசலின் மலிவும் டெல்லியின் மலிவும்

ஸ்டேஜ் 4 டீசல் காருக்கு அனுமதிக்கப்பட்ட கரித்துகள் கிலோமீட்டருக்கு 0.025 கிராம், ஸ்டேஜ் 6-இல் 0.0045 கிராம். நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு முறையே 0.25-உம் 0.08-உம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் அறிவித்துவிட்டது. ஆதலால், லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய டீசல் காரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர், முற்றத்தில் விளையாடும் தம் குழந்தையின் மூச்சையும் அந்த லாபத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். பணக் கணக்கிலும், அதிக ஓட்டம் இல்லாத குடும்பத்துக்கு டீசல் லாபமன்று; அதன் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை பழுதானால் பல வருஷத்து மைலேஜ் லாபம் ஒரே பில்லில் போய்விடும்.

தலைநகர்ப் பகுதியில் பத்து வயதான டீசல் வண்டிகளும் பதினைந்து வயதான பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பின்னர், அங்கே வயது முதிர்ந்தவை தெற்கு நோக்கிப் புறப்பட்டன. 'டெல்லி வண்டி' என்று நம் தரகர்கள் சொல்வது இதைத்தான். அவற்றுள் நல்லவையும் உண்டு. ஆனால் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்த மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று முன்னதாகவே எண்ணிப் பார்ப்பது அவசியம். அதே ஜாக்கிரதை, சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளைப் பற்றியும் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், எவ்வளவு கழுவினாலும் போகாத சேற்றுக் கறை பல வேளைகளில் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

மெக்கானிக்கின் கையில் இருக்கும் பரிகாரம்

இனி, செலவும் புகையும் ஒருங்கே குறைகிற இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது ஸ்பார்க் பிளக். பட்டறையில் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், எஞ்சினுக்குள் நடப்பதை அது தெரிவித்துவிடும்: முனை இளம் பழுப்பு நிறமாயிருந்தால் எரிதல் சரி, உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது, எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் ஆயிலே உள்ளே எரிகிறது. கல் குவாரி லாரிகள் புழுதி கிளப்பும் ஆவியூர்ப் பக்கத்துச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு, கம்பெனிப் புத்தகத்தில் குறித்த கெடுவுக்கு முன்பே ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த கார் இத்தகைய கவனிப்பால் 18 கொடுக்குமானால், 8,000 கிலோமீட்டரில் 56 லிட்டர் மிச்சம். அதாவது 5,600 ரூபாயும் ஏறத்தாழ 130 கிலோ கரியமில வாயுவும் ஒரே சமயத்தில் மிச்சம்.

இரண்டாவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயருவதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள எதிர்ப்பு 110-இல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. இருபது கிலோமீட்டர் நாற்கரச் சாலையில் இவ்வாறு பறப்பதனால் மிச்சமாகும் காலம் நான்கே நிமிஷம்.

மூன்றாவது ஏ.சி. கோடை தொடங்கியவுடன் 'கேஸ் குறைந்துவிட்டது, டாப் அப் செய்துவிடலாம்' என்று சொல்வது சகஜமான வழக்கமாகிவிட்டது. குறைந்த வாயு எங்கே போயிற்று? கசிந்து ஆகாயத்துக்குப் போயிற்று. பழைய கார்களில் உள்ள 134ஏ என்னும் அந்த வாயு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போலச் சுமார் 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் இயல்புடையது. சிறு காரில் அடங்கும் ஏறத்தாழ 400 கிராம் முழுவதும் கசிந்தால், அது 560 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம் காரை 3,900 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம். கசிவை அடைக்காமல் வருஷந்தோறும் கேஸ் நிரப்புகிறவர் பணத்தையும் இழக்கிறார், அரை வருஷத்து ஓட்டத்தின் பாவத்தையும் ஓட்டாமலே சேர்த்துக்கொள்கிறார்.

நான்காவது டயர்க் காற்று. அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் கால் சதவீதமே குறையும், அது பெரிதன்று. சித்திரை வெயிலில் கொதிக்கும் சாலையில், காற்றுக் குறைந்த பழைய டயர் சூடேறி வெடிப்பதுதான் பெரிது. ஐந்தாவது, இப்போது பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் மைலேஜ் சிறிது குறைந்தால் உடனே மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கலவையை உத்தேசித்துச் செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ்களையும் கேஸ்கட்டுகளையும் சர்வீசின்போது தவறாமல் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சான்றும் சத்தியமும்

ஸ்டேஜ் 4-க்கு முந்திய காருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஸ்டேஜ் 4 முதலான கார்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறையும் புகைச் சான்று வாங்க வேண்டும் என்பது விதி. இல்லாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. புகைக்குழாயினுள் ஒரு குச்சியை நுழைத்து, எஞ்சின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கருவி காட்டுகிறது. ஸ்டேஜ் 4 பெட்ரோல் காருக்கு 0.3 சதவீதமும் 200 பங்கும் எல்லை. ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதமும் 750 பங்கும் எல்லை. குச்சியை நுழைக்காமலே சான்று கொடுக்கும் இடத்தைத் தேடிப் போகிறவர், சில ரூபாயில் கிடைக்கும் ஒரு நோய்ப் பரிசோதனையை வேண்டாம் என்று தள்ளுகிறார். மோனாக்சைடு மிகுந்திருந்தால் பெட்ரோல் முழுமையாக எரியவில்லை என்று அர்த்தம்; எரியாத பெட்ரோலும் அவர் காசு கொடுத்து வாங்கியதே. அடைத்துப்போன கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை வைத்து 'இழுவை நன்றாயிருக்கிறது' என்று சொல்லிக் கொடுப்பதும் சில இடங்களில் நடக்கிறது. வாங்குமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவது இதற்காகத்தான்.

விற்றுவிட்டுப் புதிது வாங்கலாமா?

பூமியைக் காக்கப் பழையதைத் தொலைத்துப் புதியது வாங்குங்கள் என்ற உபதேசம் காதுக்கு இனிமையானது. கணக்குக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. இரும்பை உருக்கியும் பிளாஸ்டிக்கை வார்த்தும் ஒரு சிறு காரைச் செய்து முடிப்பதற்குள் பல டன் கரியமில வாயு வெளிவந்துவிடுகிறது. அதை ஐந்து டன் என்று வைத்துக்கொண்டு, புதிய கார் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றும் கொண்டால், 8,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு வருஷத்தில் மிச்சமாவது 314 கிலோ. செய்யும்போது வந்த ஐந்து டன்னைச் சரிக்கட்டப் பதினாறு வருஷமாகும். நாம் விற்கும் பழைய கார் வேறொருவர் வாசலில் போய் ஓடத்தான் போகிறது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் தினமும் மதுரைக்குப் போய்வந்து வருஷத்துக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கும், கரும்புகை கக்கும் பழைய டீசல் வைத்திருப்பவருக்கும் இந்த நியாயம் பொருந்தாது. கரியமில வாயுவை மட்டும் பார்த்தால் நிதானமாக ஓடும் பழைய பெட்ரோல் காருக்கு மன்னிப்பு உண்டு. விஷ வாயுவைப் பார்த்தால், செப்பனிட முடியாத எஞ்சினுக்கு எந்த மன்னிப்பும் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசம் எஞ்சினால் வருவதன்று, இருக்கைகளால் வருவது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனியே போனால் கிலோமீட்டருக்கு 144 கிராம் கரியமில வாயு அவர் பங்கு. நால்வர் போனால் ஆளுக்கு 36 கிராம். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் அரசுப் பேருந்தில் ஐம்பது பேர் போனால் ஆளுக்கு ஏறக்குறைய 11 கிராம்தான். ஆகவே காரியாபட்டி, மல்லாங்கிணறு போன்ற ஊர்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேலும் நம்பகமான பஸ் வசதி கேட்பது ஏழைகளின் கோரிக்கை மட்டுமன்று. கார் வைத்திருப்பவர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கை. அந்தப் பஸ் வந்தால் காரின் ஓட்டம் பாதியாகும். வண்டி அவசரத்துக்கும் குடும்பப் பிரயாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும். அதன் ஆயுளும் நீளும்.

அதுவரை, ஒவ்வொரு காரிலும் ஒரு பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பெட்ரோல் நிரப்பிய தேதி, லிட்டர், கிலோமீட்டர் எண், ரிப்பேர்ச் செலவு ஆகிய நான்கையும் மறக்காமல் எழுதிவருகிறவருக்கு, மைலேஜ் எந்த மாதம் சரியத் தொடங்கிற்று என்பது தரகரோ மெக்கானிக்கோ சொல்லாமலே தெரிந்துவிடும்; ஒரு நாள் வண்டியை விற்கும்போது, வாங்குகிறவரிடம் மறைக்காமல் எடுத்துக் கொடுக்கத்தக்க உண்மையான ஆவணமும் அதுவாகவே இருக்கும். பழைய காரை வைத்திருப்பது குற்றமன்று. அது என்ன தின்கிறது, என்ன கக்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் வைத்திருப்பதே குற்றம்.